லீற்றருக்கு எத்தனை ஓடியது?

என் கணவர் வேலை முடிந்து வரும்போது அவருக்கு முன்னால் அவருடைய குரல்தான் வீட்டுக்குள் வரும்.

"இண்டைக்கி இருவத்திரெண்டு!"

ஸலாம் அதற்குப் பிறகு. செருப்பைக் கழற்றுவது அதற்கும் பிறகு.

இருபத்திரண்டு என்பது அன்று எங்கள் கார் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஓடிய கிலோமீற்றர். ஹைபிரிட் கார், பெற்றோலும் பற்றரியும் மாறி மாறி இழுக்கும் வண்டி. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்ததை வாங்கியிருந்தோம். திரையில் வரும் எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. எங்கள் இருவருக்கும் அதில் ஓரெழுத்தும் விளங்காது, இலக்கம் மட்டும்தான் விளங்கும். காலையில் வண்டியை எடுக்கும்போது அது பூச்சியத்தில் தொடங்கும். பக்குவமாக ஓட்டினால் ஏறும், முரட்டுத்தனமாக மிதித்தால் இறங்கும். அவர் இதையெல்லாம் எங்கும் எழுதி வைப்பதில்லை. போன பெருநாளன்று எத்தனை ஓடியது என்று கேட்டாலும் தலையைச் சொறியாமல் சொல்லுவார். என் பிறந்த நாளைக் கேட்டால்தான் சொறிவார்.

நான் ஆசிரியை. பிள்ளைகளின் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள். வீட்டிலும் ஒருவர் தினமும் புள்ளி சொல்லிக்கொண்டு வந்தால் எனக்கு எப்படி இருக்கும்? "பாஸா, ஃபெயிலா?" என்று குசினிக்குள் இருந்தே கேட்பேன். அவர் கோபிக்கமாட்டார். கோபப்படுகிற வேலையை எங்கள் வீட்டில் நான் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெற்றோலுக்கு வரிசையில் காய்ந்த காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு போய் வெயிலில் நின்று, கறுத்து, வெறும் பெற்றோல் தாங்கியோடு திரும்பி வருவார். அந்தக் காலம் முடிந்ததும் மோட்டார் சைக்கிளை விற்று, கையில் இருந்ததையெல்லாம் திரட்டி இந்தக் காரை வாங்கினார். அதனால்தான் இந்த இலக்கப் பைத்தியம் என்று நான் நினைத்திருந்தேன். பசித்தவர் சோற்றுப் பானையைத் திறந்து திறந்து பார்ப்பதைப் போல. சில வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய ஆராய்ச்சியைக் கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. கல்முனை பசாரில் ஊர்ந்து போனால் எஞ்சின் ஓய்ந்து பற்றரியில் போகும், ஆனால் ஏசி போட்டால் அந்த இலாபம் போய்விடும். காரைதீவு தாண்டி வயல்களுக்கு நடுவே ஒரே வேகத்தில் விட்டால் ஏறும். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயப் போட்டிருப்பார்கள், நிறுத்தி நிறுத்தி எடுக்க இறங்கிவிடும். என் தங்கச்சிமாரையும் அவர்களின் பிள்ளைகளையும் ஏற்றினால் எவ்வளவு இறங்கும் என்பதை அவர் என்னிடம் சொல்வதேயில்லை, என் வாய்க்குப் பயந்து. எல்லாவற்றையும்விட அவருக்குப் பகையாளி கச்சான் காற்றுத்தான். வெயில் காலத்தில் மேற்கிலிருந்து அனலாக அடிக்கும் அந்தக் காற்றில் அம்பாறைப் பக்கம் போனால் இரண்டு குறையும் என்பார். "கச்சான் எதிர்த்து அடிச்சா ஆரும் ஒண்டும் செய்ய ஏலா" என்று, மௌத்துச் செய்தி சொல்பவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு சொல்லுவார்.

நோன்பு காலத்தில் நடந்ததைச் சொன்னால்தான் இந்த மனிதரை விளங்கும். நோன்பு திறக்கும் நேரம் நெருங்க எங்கள் ரோட்டில் எல்லோரும் கண்மண் தெரியாமல் பறப்பார்கள். பாங்கு சொன்னதும் ரோடு வெறிச்சோடிவிடும். ஒரு பூனைகூடக் குறுக்கே போகாது. இவர் அந்த நேரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். தான் வேலை செய்யும் கடையை மூடி, வண்டிக்குள் இருந்து, பாங்கு கேட்டதும் ஒரு ஈச்சம்பழத்தைக் கடித்து, போத்தல் தண்ணீரில் நோன்பைத் திறந்து, அந்த வெறும் ரோட்டில் ஆற அமர ஓட்டிக்கொண்டு வருவார். வீட்டில் கஞ்சி ஆறிக்கொண்டிருக்கும். நான் கொதித்துக்கொண்டிருப்பேன்.

"இருவத்தாறு!" என்று ஒருநாள் வந்தார். முகமெல்லாம் பெருநாள்.

"அந்த இருவத்தாறக் கரைச்சிக் குடிங்க" என்றேன். மகள் சிரித்ததில் அவளுக்குக் கஞ்சி புரையேறிவிட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த எங்கள் வாழ்க்கையில்தான் எனக்கு இடமாற்றம் வந்தது. அம்பாறைக்கு அப்பால், வயல்களையும் ஒரு குளத்தையும் தாண்டி, ஒரு சிறிய பாடசாலை. பஸ்ஸில் போனால் முதல் பாடம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். ஆசிரியர்களை ஏற்றிப் போகும் வேன் அம்பாறையோடு நின்றுவிடும். இடமாற்றத்தை நிறுத்த அலுவலகத்துக்கு நடந்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றில் நானே கார் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் சம்பளமில்லாத லீவு போட்டு வீட்டில் இருக்க வேண்டும். கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதுதான் நான் முழு மனுசி.

சாரதி அனுமதிப்பத்திரம் என்னிடம் இருந்தது. மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது வீம்புக்கு எடுத்து அலுமாரியில் வைத்தது. ஸ்டியரிங்கை அதற்குப் பிறகு தொட்டதில்லை. முதலில் சில வாரங்கள் அவரே என்னைக் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து கடை திறக்கப் பிந்தியது. கடை அவருக்கு மூத்த சகோதரரான காக்காவுடையது, மருதமுனைச் சாரனும் சேலையும் விற்கும் கடை. காக்கா ஒன்றும் பேசாமல் மணிக்கூட்டைப் பார்ப்பாராம். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றார் இவர்.

"நான் ஓட்டுறனே" என்று கேட்டேன்.

"ஓம், பாப்பம்" என்றார்.

எங்கள் ஊரில் "ஓம், பாப்பம்" என்றால் என்ன பொருள் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நான் விடவில்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பக்கத்தில் இருந்து பழக்கச் சம்மதித்தார். கச்சான் அடிக்கும் காலம் அது. சம்மாந்துறை ரோட்டில் நான் பிஸ்மில்லாஹ் சொல்லி மிதித்தேன். வண்டி துள்ளியது, நானும் துள்ளினேன். அவருடைய கண் ரோட்டில் இல்லை, என் முகத்தில் இல்லை, திரையில்தான் இருந்தது.

"மெல்ல, மெல்ல. தூங்குற புள்ளைக்குப் போர்வ போத்துற மாதிரி மிதி."

வீரமுனைப் பக்கம் ஒரு மாட்டுக் கூட்டம் குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன், பிறகு எடுத்தேன், திரும்பவும் அழுத்தினேன். இலக்கம் சரசரவென்று இறங்கியது. அவர் "ச்ச்ச்" என்றார். அந்த "ச்ச்ச்" எனக்குப் போதுமாக இருந்தது. வண்டியை ஓரம் கட்டினேன்.

"உங்களுக்கு நான் பெரிசா, இந்த இலக்கம் பெரிசா?"

"நான் ஒண்டும் செல்லல்லியே, டீச்சர்."

"செல்லத் தேவையில்ல. மாட்டுக்குக்கூட இவ்வளவு கவலப்படல்ல நீங்க. நான் படிப்பிக்கப் போறதா இல்லையா எண்டு இந்த ஜப்பான் பொட்டியா முடிவெடுக்கிற?"

அவர் இறங்கி, சுற்றி வந்து, நான் இருந்த பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். நான் இடம் மாறி இருந்தேன். அன்றைக்குப் பிறகு கார் பழகுவதும் நின்றுவிட்டது. அவர் கேட்கவுமில்லை, நானும் கெஞ்சவில்லை. காலையில் பழையபடி அவரே கொண்டுபோய் விட்டார், கடையும் பிந்தித்தான் திறந்தது. அவருக்கு என்னைவிட அந்த வண்டி பெரிது என்று மனதுக்குள் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். இவர் மருதமுனைக்காரர், நான் சாய்ந்தமருது. என் வாப்பா எனக்குக் கட்டித் தந்த வீட்டுக்கு இவர் ஒரு சூட்கேசோடு வந்தார். வாப்பா இப்போதும் அதே வளவில், பக்கத்துச் சின்ன வீட்டில் இருக்கிறார். வீட்டுக்கு என்ன நிறம் பூசுவது, எந்தத் தென்னையை வெட்டுவது, கேற்றை எந்தப் பக்கம் திருப்புவது எல்லாம் வாப்பாவும் நானும் பேசிச் செய்வதுதான் வழக்கம். அதில் யாருக்கும் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். இப்போது மகள் உயர்தர வகுப்புப் படிக்கிறாள். அவளுக்கும் ஒரு வீடு வேண்டுமே என்று, எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுக்க வாப்பா முடிவு செய்திருந்தார்.

மாரி தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் வாப்பா மேசனைக் கூட்டிவந்தார். மாடிக்கு ஏறும் படியை எங்கே வைப்பது என்று அளந்தார்கள். நூல் கட்டி, நிலத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார்கள். கோடு விழுந்தது போர்ட்டிக்கோவுக்கு நடுவில், கார் நிற்கும் இடத்தில்.

"காரு?" என்று நான் கேட்டேன்.

"ஒழுங்கையில நிப்பாட்டலாம். காருக்கென்ன, காலா வலிக்கப் போவுது?" என்றார் வாப்பா. நானும் சிரித்தேன். எல்லோருக்கும் தேத்தண்ணி போட உள்ளே போனேன்.

பின்னேரம் அவர் வந்தார். வழக்கம்போல வண்டியைப் போர்ட்டிக்கோவுக்குள் விடப் பார்த்தவர் வெள்ளைக் கோட்டைக் கண்டு நிறுத்தினார். குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற மேசனிடமோ வாப்பாவிடமோ எதுவும் கேட்கவில்லை. பின்னுக்கு எடுத்து, கேற்றுக்கு வெளியே ஒழுங்கையில் மதிலோரமாக விட்டார். எஞ்சின் ஓய்ந்தது. ஆனால் அவர் இறங்கவில்லை. மேசன் போனார், வாப்பா மஃரிபுக்குப் பள்ளிக்குப் போனார். அவர் இன்னும் வண்டிக்குள்தான் இருந்தார்.

அன்றைக்கு அவர் இலக்கம் சொல்லவில்லை.

அந்த அமைதி என்னை என்னவோ செய்தது. தினமும் கேட்டு எரிச்சல்பட்ட குரல் வராமல் போனபோதுதான் அது இந்த வீட்டில் எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது. அவருடையது என்று வேறு சத்தம் எதுவும் இந்த வீட்டில் இல்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குப் போய், மற்றப் பக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் இருந்தேன்.

"இறங்கல்லியா?"

"இரி டீச்சர், கொஞ்சம்."

"இண்டைக்கி எத்தின?"

"பாக்கல்ல."

அவர் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் தூசு ஒன்றும் இல்லை.

"கடையில எந்தச் சாரன எந்தத் தட்டுல வைக்கிற எண்டு காக்கா செல்லுவாரு" என்றார். "வீட்டுல மாமா செல்லுவாரு, இல்லாட்டி நீ செல்லுவாய். நான் குறையாச் செல்லல்ல. எல்லாரும் நல்ல மனுசர்தான். ஆனா இதுக்குள்ள ஏசியப் போடுறதா, கண்ணாடிய எறக்குறதா எண்டு நான்தான் முடிவெடுக்கன். பக்குவமா மிதிச்சா கூடுது. அவசரப்பட்டா கொறயுது. நான் செய்றதுக்கு இது ஒண்டுதான் உடன மறுமொழி செல்லுது."

சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டவராகச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் என் வீட்டில் விருந்தாளியாக இருந்திருக்கிறார். மகளுக்கு மாடி எழும்பினால் இனி மகளின் வீட்டிலும் விருந்தாளிதான். நோன்பு நாளில் ஈச்சம்பழத்தோடு வெறும் ரோட்டில் தனியாக வந்தாரே, அது பெற்றோல் மிச்சம் பிடிக்க அல்ல. அவருடைய வீட்டில் அவர் நோன்பு திறந்திருக்கிறார். அந்த வீட்டின் சாவியைத்தான் நான் கேட்டிருக்கிறேன்.

"நான் லீவு போடுறன்" என்றேன். "கார் உங்கட. அது உங்களுக்கிட்டயே இரிக்கட்டும்."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

காலையில் வாப்பாவிடம் போனேன். அவர் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று மேசனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா, படி இஞ்ச வேணாம்."

"ஏன் மகள்? மருமகனுக்கு விருப்பமில்லையா? அவரு ஒண்டும் செல்லல்லியே."

"நீங்க கேட்டீங்களா வாப்பா?"

வாப்பா என்னைப் பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, எனக்குத் தோன்றாததைப் போலத்தான். தானும் ஒரு காலத்தில் என் உம்மாவின் வீட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்தவர்தானே. அது ஞாபகம் வந்ததோ என்னவோ, செருப்புக் காலால் அந்தச் சுண்ணாம்புக் கோட்டைத் தேய்த்து அழித்தார்.

அன்று பின்னேரம் வாப்பா கேற்றடியில் காத்திருந்து இவரிடம் கேட்டார்.

"மருமகன், படிய எங்க வெச்சா நல்லம்?"

இவர் திடுக்கிட்டுப்போனார். "யோசிச்சிச் செல்றன், மாமா" என்றார். யோசித்தார், யோசித்தார், அப்படி ஒரு யோசனை. கடையிலிருந்து அளவு நாடாவைக் கொண்டுவந்து வளவைச் சுற்றிச் சுற்றி அளந்தார். வெயில் எந்தப் பக்கம் விழும், மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும் என்றெல்லாம் பார்த்தார். மேசன் இரண்டு தடவை வந்து திரும்பிப் போனார். வாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக இருந்தார், அதற்காகவே அவருக்கு அல்லாஹ் கூலி கொடுக்க வேண்டும். கடைசியில் கிணற்றடிப் பக்கம் என்று முடிவு சொன்னார். உண்மையில் அதுதான் நல்ல இடம். கார் பழையபடி போர்ட்டிக்கோவுக்குள் வந்தது. மறுநாள் "இருவத்தொண்டு!" என்ற குரலும் வந்தது. நான் பாஸா ஃபெயிலா என்று கேட்கவில்லை. கல்முனை பசாரில் நெரிசலா என்று கேட்டேன். அவர் ஆசையாக விளங்கப்படுத்தினார்.

லீவுக்கு எழுதிக் கொடுக்க நினைத்திருந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவியை என் கையில் வைத்தார்.

"வா, ஓட்டு."

"வேணாம். நான்தான் செல்லிட்டனே."

"நீ செல்லிட்டாய். என்னக் கேட்டியா?"

வாப்பாவிடம் நான் கேட்ட கேள்வியை எனக்கே திருப்பித் தந்தார். போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்தேன். அவர் தன் தலையில் இருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி, இலக்கம் வரும் திரைக்கு மேலே கவிழ்த்து மூடினார்.

"இதப் பாக்காத. ரோட்டப் பாரு."

அதற்குப் பிறகு பின்னேரங்களில் தினமும் பழகினேன். துள்ளல் குறைந்தது. மாடு வந்தால் நின்றேன், கோழி வந்தாலும் நின்றேன். அவர் வாயிலிருந்து ஒரு "ச்ச்ச்"கூட வரவில்லை. தொப்பி அந்த இடத்திலேயே இருந்தது.

நான் முதல் முறையாகத் தனியே போன நாள் நல்ல மாரி. சுபஹிலிருந்து தூறிக்கொண்டே இருந்தது. அவர் மகளின் சைக்கிளை எடுத்துக்கொண்டு, சாரனைக் கொஞ்சம் தூக்கிக் கட்டி, குடையைப் பிடித்தபடி கடைக்குப் போனார். கண்ணாடியில் அவர் சின்னதாகிக்கொண்டு போவதைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்றிருந்தது. திரும்பவில்லை. சம்மாந்துறை தாண்டியதும் இரண்டு பக்கமும் பயிர் பச்சைப்பசேல் என்று நின்றது. ஒரு இலைகூட அசையவில்லை. வாயில் ஓதிக்கொண்டு, எல்லோரும் என்னை முந்திப் போக விட்டுவிட்டு, பாடசாலை மணி அடிக்க முன்பே போய்ச் சேர்ந்தேன். கரும்பலகையில் திகதியை எழுதும்போது என் எழுத்துக் கோணலாக வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

திரும்பி வந்தபோது அவர் கேற்றடியில் நின்றார். கடையிலிருந்து நேரத்தோடு வந்திருக்கிறார். சைக்கிள் மதிலில் சாய்ந்திருந்தது, அவருடைய சேட் முழுக்க நனைந்திருந்தது. போர்ட்டிக்கோவுக்குள் வண்டியை விட்டு இறங்கினேன். அவர் முதலில் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கேட்கவே கூடாது என்று நின்றார், பாவம், ஆனால் அவருடைய கண் தொப்பிக்குப் போய்ப் போய் வந்தது. நான் தொப்பியை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"பதினேழு."

அந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பதினேழைக் கண்டதில்லை. அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். மழை விட்டிருந்தது, தென்னோலை நுனிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கச்சான் அடித்து ஓய்ந்து மாதக்கணக்காகிவிட்டது. காற்று எந்தப் பக்கமிருந்தும் வரவில்லை. அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அவர்.

"கச்சான் எதிர்த்து அடிச்சிரிக்கும்" என்றார்.

"ஓம்" என்றேன். "சரியான கச்சான்."